சிரட்டைக்குள் ஒரு குடித்தனம்

கிளிநொச்சிச் சந்தையிலே காலை வேளையில் மீன் கூடைகள் வந்து இறங்கும்போது, இரணைமடுக் குளத்துத் திலாப்பியாவும் அவற்றோடு வந்து சேரும். வாங்க வருவோர் செவுளைத் தூக்கிப் பார்ப்பர், கண்ணைப் பார்ப்பர், விலையைக் குறைத்துக் கேட்பர். அந்த மீனின் குலத்தையும் குடித்தனத்தையும் பற்றி யாரும் கேட்பதில்லை.

கேட்கத்தக்க கதைதான் அது. ஆபிரிக்காவிலிருந்து 1952ஆம் ஆண்டில் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. ஆண் மீன் மணலிலே வட்டக் குழி பறித்துப் பெண்ணை அழைக்கும். பெண் அதில் முட்டையிட்டு, அம்முட்டைகளைத் தன் வாயினுள்ளே வாரி எடுத்துக்கொண்டு விலகிச் செல்லும். குஞ்சுகள் பொரித்து நீந்தப் பழகும் வரை அந்த வாய்தான் அவற்றுக்குத் தொட்டில். பின்னரும் சில நாட்களுக்கு, ஆபத்து வந்தால் அதுவே கோட்டை. நம் வீட்டுக் குழம்புச் சட்டியிற் கொதிக்கும் மீனுக்கு இப்படியொரு தாய்மை உண்டு.

இந்த மீன் சிக்ளிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் பெருகிக் கிடக்கும் இக்குடும்பத்தில் 1,600க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. மீன்களிற் பெரும்பாலானவை முட்டையை நீரில் விட்டுவிட்டுத் தம் வழியே போய்விடுபவை. சிக்ளிட் மீன்களோ, ஏறத்தாழ எல்லாமே, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்பவை. அவற்றுள்ளும் ஒரு சாண் நீளத்தை எட்டாத சிறிய இனங்கள் பல உண்டு. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் அவற்றைக் குள்ளச் சிக்ளிட் என்று அழைப்பர். கடந்த பத்து ஆண்டுகளாக அவற்றை என் வீட்டு விறாந்தையில் வளர்த்து வருகிறேன். இக்கட்டுரை அவற்றைப் பற்றியது. அவற்றிடம் என் அறியாமையால் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றியதும் ஆகும்.

வந்த விருந்தாளிகள்

மீன் வளர்ப்பு எனக்குப் பழைய பழக்கம். ஆசிரியப் பணியில் இருந்த காலத்திலேயே ஒரு சிறு தொட்டியில் கப்பி மீன்கள் வைத்திருந்தேன். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊரை விட்டுப் புறப்பட வேண்டிவந்தபோது, அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் வாளியோடு கிணற்றிலே விட்டுவிட்டுப் போனேன். 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றில் ஓடும் மரமும் குப்பையும் நிறைந்திருந்தன. இறைத்துத் துப்புரவாக்கிய நாளில், வெளியே வந்த சேற்றை நான் நெடுநேரம் கிளறிப் பார்த்தேன். மீன் ஒன்றும் இருக்கவில்லை. அதன்பின் சில ஆண்டுகள் தொட்டி என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரைக்கும் மீண்டும் புகையிரதம் ஓடத் தொடங்கியது. அதற்குச் சில காலத்தின் பின் கொழும்பிலிருந்து வந்த என் மருமகன், மடியிலே ஒரு பொலித்தீன் பையை வைத்துக்கொண்டு யாழ்தேவியில் வந்து இறங்கினான். “மாமா, சும்மா இருக்கிறியள் எண்டு கொண்டு வந்தனான்” என்றான். பைக்குள்ளே ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு சிறு மீன்கள் இருந்தன.

ஆணுக்கு மூன்று அங்குல நீளம். முதுகுச் செட்டையின் முன்முட்கள் கொக்கட்டூக் கிளியின் கொண்டைபோல நிமிர்ந்து நின்றன. வாலில் நெருப்புத் துண்டுகள் ஒட்டியதுபோலச் செம்மஞ்சள் திட்டுகள். பெண் அதிற் பாதியளவு; மங்கிய சாம்பல் நிறம். அப்பிஸ்டோகிராமா என்னும் பேரினத்தைச் சேர்ந்த இம்மீனுக்கு ஒல்லாந்து அறிஞர் ஹூடெமன் 1951இல் பெயரிட்டபோது, அந்தக் கிளியின் பெயரையே சூட்டினார். மேற்கு அமேசன் பகுதியில், ஓட்டம் குறைந்த ஓடைகளின் அடியில் உதிர்ந்து கிடக்கும் இலைக் குவியல்களே இதன் தாயகம்.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியொன்றை வாங்கினேன். மணல் பரப்பினேன், வேலம்பாசி சில நட்டேன், தேங்காய்ச் சிரட்டையொன்றின் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தேன். ஆண் ஒன்று, பெண் ஒன்று, வீடு ஒன்று. இதைவிட ஒரு குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

சில வாரங்கள் சென்றன. ஒருநாட் காலை, சாம்பல் நிறப் பெண் மீன் மஞ்சள் பூசிக் குளித்தவள்போல மாறி நின்றது. உடலெங்கும் பளிச்சென்ற மஞ்சள். அதன்மேல் மை தீட்டியதுபோலக் கறுப்புக் கோடுகள். சிரட்டைக்குள்ளே மின்சூளை அடித்துப் பார்த்தேன். கூரையிலே முட்டைகள் தொங்கின. இப்பேரினத்து மீன்கள் இவ்வாறே மறைவிடத்தின் கூரையில் முட்டையை ஒட்டும். தாய் தலைகீழாக நின்று செட்டையால் விசிறிக் கொண்டிருந்தது.

அதற்கு இரண்டு நாட்களின் பின், ஆண் மீன் தொட்டியின் மேல்மூலையில் நீர்மட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வால் கிழிந்திருந்தது. ஏதோ நோய் என எண்ணிச் சிறிது உப்பிட்டேன். மறுநாட் காலை அது மிதந்தது.

நோயன்று, கொலை. கொன்றது அதன் அளவிற் பாதியே உள்ள பெண்.

அயல்வீட்டுப் பையன் ஒருவன் மாலை வேளைகளில் என்னிடம் உயிரியல் படிக்க வருவான். 2009இல், எட்டு வயதில், செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தவன். இறந்த மீனை உள்ளங்கையில் வைத்துக் கிழிந்த செட்டைகளை விரித்துப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்:

“சேர், இது இவ்வளவு பெரிசு. ஏன் ஓடித் தப்பேல்ல?”

“எங்கை ஓடுறது, தம்பி?” என்றேன்.

அவன் மறுமொழி சொல்லவில்லை. தொட்டியின் நான்கு கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் பார்த்த பிறகுதான் நானும் பார்த்தேன்.

அந்தப்புரம் யாருடையது?

அமேசன் ஓடையிலே அந்தத் தாய் சீறினால், ஆண் மீன் இலைக் குவியலின் அடியாற் புகுந்து அப்பாற் போய்விடும். தாயும் தன் எல்லை வரை துரத்தி விட்டுத் திரும்பிவிடும். துரத்துவது அதன் கடமை. கொல்லுவது அதன் நோக்கமன்று. என் தொட்டியிலோ, ஓடிய மீன் கண்ணாடியில் முட்டித் திரும்பியது. திரும்பிய இடமும் தாயின் எல்லைக்குள்ளேதான் இருந்தது. போகாத பகைவனைத் தாய் மீண்டும் மீண்டும் தாக்கியது. அந்தத் தாயைக் கொடியவள் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. எல்லையை வகுத்தவன் நான். வெளியேறும் வழியை வைக்க மறந்தவனும் நான்.

பின்னர் நூல்களைத் தேடிப் படித்தேன். இந்த இனத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சோடியாக நிலைத்து வாழ்வது வழக்கமன்று; ஓர் ஆணின் எல்லைக்குள்ளே பல பெண்கள் தனித்தனி எல்லை வகுத்து வாழும். மேல்நாட்டு மீன் வளர்ப்பு நூல்கள் இதனை ‘ஹரெம்’ என்கின்றன. நாம் அந்தப்புரம் என்போம். சொல்லைக் கேட்டவுடன் ஓர் அரசனும், அவன் கட்டளைக்குக் காத்திருக்கும் மகளிரும் மனக்கண்ணில் வந்துவிடுகின்றனர். உண்மை அதற்கு எதிரானது. அந்த அறபுச் சொல்லின் அடிப்பொருள் ‘விலக்கப்பட்ட இடம்’ என்பதாகும். இங்கே விலக்கப்பட்டவன் ஆண்தான்! வீடு பெண்ணுடையது, முட்டை காப்பதும் குஞ்சு மேய்ப்பதும் அவளே. அழைத்தபோது ஆண் வரலாம். முட்டையிட்டு முடிந்ததும் வாசலைத் தாண்டி உள்ளே வரலாகாது. வெளி எல்லையைச் சுற்றிவந்து அயலாரைத் துரத்துவதே அவன் வேலை. அவன் அரசனல்லன், காவற்காரன்.

இதனை விளங்கிக்கொண்ட பின் நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் கொண்ட தொட்டியொன்றைச் செய்வித்தேன். உயரம் ஒன்றேகாலடி போதும்; இம்மீன்கள் அடித்தளத்தில் வாழ்பவை. இவற்றுக்கு வேண்டியது நிலப்பரப்பு. நீரின் ஆழம் அன்று. ஏறத்தாழ 200 லீற்றர் நீர் கொள்ளும் அத்தொட்டியில் ஓர் ஆணையும் மூன்று பெண்களையும் குடியேற்றினேன். அதற்கு முன் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன். மீன் வளர்க்க விரும்பும் மாணவருக்குப் பயன்படும்.

முதலாவது, சிரட்டைகள். ஒவ்வொன்றின் வாசலும் ஒவ்வொரு திசையை நோக்க வேண்டும். ஒரு வாசலில் நிற்பவளுக்கு இன்னொரு வாசல் தெரிந்தால் அன்றாடம் சண்டைதான். இரண்டாவது, மறைப்புகள். கற்களையும் வேர்த் துண்டுகளையும் இடையிடையே வைத்துப் பார்வையைத் தடுக்க வேண்டும். காய்ந்த நாட்டு வாதுமை இலைகளை அடியில் பரப்பினால் குஞ்சுகள் ஒளிய இடமும், மேய நுண்ணுயிர்களும் கிடைக்கும். மூன்றாவது, தாவரங்கள். பலர் தாவரத்தை அழகுக்காக நடுகின்றனர். மீனுக்கு அது வேலி, திரைச்சீலை, ஓடுகிறவன் புகுந்து மறையும் பற்றை.

அந்தத் தாவரங்களுள் ஒன்றைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் நடப்படும் கிரிப்டோகொரைன் என்னும் நீர்ச்செடியின் பல இனங்கள் இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கே உரியவை. அவற்றுள் மிகப் பரவலான ஒன்றுக்கு 1958இல் ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி வித், வென்ற் என்னும் மீன் வளர்ப்பு எழுத்தாளரின் பெயரைச் சூட்டினார். ஐரோப்பாவில் மீன் வளர்க்கும் சிறுவனுக்குத் தெரிந்த நம் நாட்டுச் செடியை, நான் அறுபது வயது கடந்த பின்னரே அறிந்தேன். அமேசன் மீனுக்கு இலங்கைச் செடி வேலியாக நிற்கிறது. குறைந்த ஒளியிலும் வன்னீரிலும் வளரும் அச்செடி நம் வன்னிக்கு மிகவும் ஏற்றது.

ஏற்பாடு முடிந்த மாலையில் அந்தப் பையன் வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தான். சிரட்டைகளை எண்ணினான்.

“சேர், பொம்பிளை மீன் மூண்டு. சிரட்டை அஞ்சு கிடக்கு. மிச்சம் ரண்டும் ஆருக்கு?”

“துரத்துப்பட்டு வாறதுக்கு” என்றேன்.

“அப்ப சரி” என்றான்.

தண்ணீரும் வெயிலும்

வன்னியில் மீன் வளர்ப்போருக்கு முதலில் எதிர்ப்படும் தடை தண்ணீர். நம் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெண்படை படிவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். கல்சியமும் மக்னீசியமும் மிகுந்த வன்னீர் அது. அமேசன் ஓடைகளில் ஓடுவதோ பெரும்பாலும் மழைநீரைப் போன்ற மென்னீர். கொக்கட்டூ மீன் ஓரளவு வன்னீரைத் தாங்கும். வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஒறினோக்கோ ஆற்றுச் சமவெளியில் வாழும் ரமிரேஸ் மீனுக்கோ மென்னீரே வேண்டும். 1948இல் அறிவியற் பெயர் பெற்ற அந்த அழகிய மீன் சோடியாக வாழ்ந்து, தட்டையான கல்லில் முட்டையிட்டு, இருவருமாகக் காப்பது. அதன் நீலப் புள்ளிகளில் மயங்கி ஒரு சோடியை வருவித்துக் கிணற்று நீரில் வைத்தேன். ஒரு மாதத்திற்குள் இரண்டும் மெலிந்து இறந்தன.

அதன்பின் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழையைப் பீலி வழியே தாங்கியில் சேர்க்கலானேன். முதல் மழை கூரையைக் கழுவிப் போன பின்னரே நீரைப் பிடிக்க வேண்டும். மழைநீர் பாதி, கிணற்று நீர் பாதி கலந்து வாரந்தோறும் ஐந்திலொரு பங்கை மாற்றுவேன். நீர் ஏன் மாற்றவேண்டும்? மீனின் கழிவிலிருந்து அமோனியா பிறக்கிறது. வடிகட்டியிலும் மணலிலும் குடியேறும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அவ்வளவு தீங்கற்றது. அதிற் சிறிது செடிகளுக்கு உணவாகும். மிஞ்சியதை நாம்தான் அகற்ற வேண்டும். இந்தப் பற்றீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். எனவே புதுத் தொட்டியில் அன்றே மீன் விடுவது, கூரை வேயாத வீட்டில் குடிபுகுவது போன்றதாகும்.

செடிகளின் அருமையை 2022ஆம் ஆண்டு எனக்கு உணர்த்தியது. அவ்வாண்டு பங்குனி இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் நின்றது. காற்றுக்குழாய் ஓயும், வடிகட்டி ஓயும். பகலில் செடிகள் விட்ட ஒட்சிசனே மீன்களைக் காத்தது. இரவிலோ செடியும் ஒட்சிசனை உட்கொள்ளும். ஆகையால் விளக்கை வைத்துக்கொண்டு, செம்பினால் நீரை மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டு இருப்பேன். என் மனைவி ஒரு செம்பு, நான் ஒரு செம்பு. தொட்டிக்குள்ளே தாய் மீன் காவல். வெளியே நாங்கள் காவல்.

வெயிலின் விந்தையொன்றையும் சொல்லவேண்டும். சித்திரை வெயிலில் பொரித்த குஞ்சுகள் வளர்ந்தபோது, பெரும்பாலும் ஆண்களாகவே இருந்தன. தை மாதக் குளிரில் பொரித்தவற்றுள் பெண்கள் மிகுந்திருந்தன. தற்செயல் என்று எண்ணினேன். பின்னர், ஜெர்மனிய ஆய்வாளர் ரோமரும் பைசன்ஹேர்ட்சும் 1996இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அறிந்தேன். அப்பிஸ்டோகிராமா இனங்கள் பலவற்றின் குஞ்சுகளை 23, 26, 29 பாகை செல்சியஸ் வெப்பநிலைகளில் வளர்த்துப் பார்த்த அவர்கள், பெரும்பாலான இனங்களில் வெப்பம் கூடக்கூட ஆண்கள் மிகுவதைக் கண்டனர். சில இனங்களில் நீரின் அமிலத்தன்மையும் இதனை மாற்றுகிறது. மனிதருக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கருவுறும்போதே தீர்ந்துவிடும் ஒன்று, இம்மீனுக்கு முட்டைக்கு வெளியே உள்ள உலகையும் பொறுத்திருக்கிறது. இப்பொழுது சித்திரையில் தொட்டியின் மேல் ஈரச்சாக்கு விரித்து விசிறி வைக்கிறேன்.

நந்திக்கடல் ஓரத்திலே

சோடியாக வாழும் குள்ளச் சிக்ளிட் வேண்டுமென்றால் ஒறினோக்கோ வரை போக வேண்டியதில்லை என்பதை நான் காலந்தாழ்த்தியே அறிந்தேன். ஒருமுறை முல்லைத்தீவுக்குப் போயிருந்தபோது நந்திக்கடல் ஓரத்தில் கைவலை இழுத்தவரின் கடகத்தில், தோடம்பழ நிறமாய், காசுபோல வட்டமாய், விலாவில் ஒரு கறுப்புப் பொட்டோடு சில சிறு மீன்கள் துடித்தன. “கறிக்கு உதவாது ஐயா, கொண்டு போங்கோ” என்று ஆறு குஞ்சுகளை வாளியிலே போட்டுத் தந்தார்.

இது நமக்கே உரிய சிக்ளிட். 1795இல் பேர்லின் மருத்துவர் மார்க்கஸ் புளோக் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். மீன் வளர்ப்போர் ஆரஞ்சு குரோமைட் என்று அழைக்கும் இம்மீனும், இதன் பெரிய உறவான பச்சைக் குரோமைட்டும் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் பொதுவானவை. பச்சைக் குரோமைட்டைக் கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவர். தென்மேற்கிந்தியாவில் மட்டும் வாழும் மூன்றாவது இனமொன்றையும் சேர்த்தால் இந்தப் பகுதிக்குரிய சிக்ளிட் மூன்றே மூன்றுதான். அவற்றின் மிக நெருங்கிய சுற்றம் இருப்பதோ மடகஸ்கார்த் தீவில்!

ஆறையும் ஒரு தொட்டியிலிட்டேன். யாருக்கு யார் என்று தீர்மானிப்பது நம் வேலையன்று; சாதகம் பார்த்துச் சேர்த்தால் அவை சேரா. சில மாதங்களில் இரண்டு தாமாகவே ஒன்றுபட்டு ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டன. மற்ற நான்கையும் உடனே வேறு தொட்டிக்கு மாற்றினேன். முதற் பாடம் மறக்கவில்லை.

இம்மீனின் குடித்தனம் வேறு வகை. சிரட்டையின் வெளிப்புறத்தில் முட்டைகளை ஒட்டின. ஒன்று விசிறும்போது மற்றது காவல் நிற்கும். காவல் நின்றது வந்ததும் விசிறியது இரை தேடப் போகும். ஒருவர் வந்து சேரும் வரை மற்றவர் அசைவதில்லை. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தந்தை இருவரின் உடலிலும் மொய்த்து எதையோ கொத்தின. காயப்படுத்துகின்றனவோ என்று அஞ்சினேன். அது பாலூட்டலை ஒத்தது. பெற்றோரின் தோலில் சுரக்கும் வழுவழுப்பைக் குஞ்சுகள் உண்கின்றன. 1967இல் வார்ட், பார்லோ என்னும் இரு ஆய்வாளர் இதனை விரிவாக எழுதினர். நெல்வயற் பூமியில் எளிதாகக் கிடைக்கும் வைக்கோலை ஊறவைத்து நுண்ணுயிர் வளர்த்து நான் அப்பிஸ்டோகிராமாக் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்க, இந்தப் பெற்றோர் தம் மேனியையே உணவாக்கிக்கொண்டிருந்தனர்.

வார்டும் வைமன் என்பவரும் இலங்கையின் நீர்நிலைகளில் இம்மீன்களை ஆராய்ந்து 1970களில் எழுதிய செய்தியொன்று இதனினும் விந்தையானது. ஆரஞ்சு குரோமைட், பெரிய பச்சைக் குரோமைட்டின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளையும் பழுதுற்ற செட்டைத் திசுவையும் கொத்தித் துப்புரவு செய்கிறது. அதே ஆரஞ்சு குரோமைட், பச்சைக் குரோமைட் குடும்பம் நடத்தும் காலத்தில், அதன் முட்டையையும் குஞ்சையும் திருடித் தின்கிறது. மருத்துவரும் திருடரும் ஒருவரே. இயற்கையை நல்லது என்றும் தீயது என்றும் இரண்டாகப் பிரித்து எழுதிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்தச் சோடிக்கு மழைநீர் வேண்டியிருக்கவில்லை. எந்த வன்னீரைக் குறித்து நான் குறைப்பட்டுக்கொண்டிருந்தேனோ, அதே கிணற்று நீரில், சிறிது உப்புச் சேர்த்தபோது, அவை ஒரே ஆண்டில் பலமுறை குஞ்சு பொரித்தன. தொலைவிலிருந்து வந்த விருந்தாளிக்காக நான் நீரை மாற்றிக்கொண்டிருந்தேன். என் நீருக்கே உரிய மீன், கறிக்கு உதவாது என்று கரையில் வீசப்பட்டுக்கொண்டிருந்தது.

எனினும் விருந்தாளியை வெறுக்கும்படி நான் சொல்லவில்லை. விருந்தாளி தொட்டியோடு நிற்கட்டும் என்பதே என் வேண்டுகோள். வளர்த்துச் சலித்தவர்கள் அந்நிய மீன்களை வாய்க்காலிலும் குளத்திலும் விடுவதைக் காண்கிறேன். அது கருணையன்று. வாய்க்கால் நீர் கனகராயன் ஆற்றிற்கும், ஆறு சுண்டிக்குளம் களப்பிற்கும் போகும். எந்த மீன் எந்த மீனின் இடத்தைப் பறிக்கும் என்பதை விட்டபின் திருத்த முடியாது. நான் கிணற்றில் விட்ட கப்பிகளை எண்ணும்போதும், அது குளமாக இருக்கவில்லையே என்ற ஆறுதல் எனக்கு உண்டு.

குளம் வற்றும்போது பறந்துபோகும் பறவையையும், வற்றினாலும் அதனோடு ஒட்டிக்கிடக்கும் கொட்டியையும் ஒளவையார் மூதுரையிலே உறவுக்கு உவமையாக்கினார். பள்ளியில் பல ஆண்டுகள் அப்பாடலை நான் கற்பித்தேன். நிலைத்து நிற்பது உயர்வு, பறந்துபோவது தாழ்வு என்றே விளக்கம் சொல்லி வந்தேன். இப்பொழுது என் தொட்டியில் கொட்டியும் வளர்கிறது. அதன் இலைகளுக்கிடையே துரத்தப்பட்ட ஆண் மீன் புகுந்து மூச்சுவிடுவதைப் பார்க்கும்போது, அந்த விளக்கத்தோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. போக வேண்டிய வேளையில் போக வழியும், வந்து ஒதுங்க ஓர் இடமும் இருந்தால்தான், நிற்பவரும் நிம்மதியாக நிற்க முடியும்.

அந்தப் பையன் இப்பொழுது படித்து முடித்து வேலைக்குப் போகிறான். விடுமுறையில் வந்தால் முதலில் தொட்டியடிக்கே வருவான். சென்றமுறை வந்தபோது, கையோடு இரண்டு சிரட்டைகள் கொண்டுவந்திருந்தான். வாசல் வெட்டி, விளிம்பை உரைஞ்சி வழுவழுப்பாக்கி இருந்தான். “குஞ்சுகள் பெருத்திட்டுது சேர், இடம் காணாது” என்றான். ஏற்கெனவே ஐந்து இருக்கிறதே என்று நான் சொல்லவில்லை. வாங்கி உள்ளே வைத்தேன்.

மாணவர்களுள் யாரேனும் இம்மீன்களை வளர்க்க எண்ணினால் அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய விதி ஒன்றுதான். சோடியாக வளர்ப்பதாயினும் ஓர் ஆணோடு பல பெண்களை வளர்ப்பதாயினும், மீனை எண்ணுவதற்கு முன் ஒதுங்கிடங்களை எண்ணுங்கள். மீனைவிட அவை ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கட்டும்.